மிஸஸ் ஹார்டிங்கின் பிழையான சுரம்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த தாளில் என் படம். அதற்குக் கீழே, கர்நாடக சங்கீதத்தின் இனிமையைச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தவர் என்று எழுதியிருந்தது. வாசித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபது வருடம் அந்தக் கட்டடத்தில் மூக்குத் துடைத்து, கை கழுவி, சப்பாத்துக் கட்டி, கடி வாங்கி வேலை செய்தேன். அதில் கர்நாடக சங்கீதத்தின் இனிமையால் நடந்த ஒரு காரியமும் எனக்கு ஞாபகமில்லை. அந்த இனிமையால் ஒரு பிள்ளைக்கு வீட்டை விட்டே போகவேண்டி வரப் பார்த்தது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஆகவே எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் சங்கீத ஆசிரியை. முறையாகப் படித்து, பரீட்சை எடுத்து, ஒரு மகளிர் கல்லூரியில் எட்டு வருடம் படிப்பித்தேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தபோது அந்தச் சான்றிதழை இங்கே ஒருவரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தெற்கு லண்டனில் ஒரு ஸ்பெஷல் ஸ்கூலில் வகுப்பு உதவியாளர் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் டூட்டிங்கில் ஒரு மண்டபத்தை எடுத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்தினேன். சனிக்கிழமை நான் டீச்சர். திங்கட்கிழமை மற்றவர்கள் பாடும்போது பின்னால் நின்று துவாய் பிடிப்பவள். இந்த இரண்டும் என் மனத்துக்குள் ஒத்துப்போகவே இல்லை. கண்டவர்களெல்லாம், "ஊரிலை எப்பிடி இருந்தனீங்கள், இஞ்சை வந்து உந்த வேலையோ" என்று கேட்டு அதைக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள்.

வகுப்பாசிரியை மிஸஸ் ஹார்டிங். ஐம்பது வயது, தட்டையான சப்பாத்து, கழுத்தில் ஒரு பென்சில் தொங்கும். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள், பேச்சு வந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோவதுதான் ஒவ்வொரு நாளும் யுத்தம். அதற்காக அவர் ஆறு பாட்டு வைத்திருந்தார். வந்ததும் ஒன்று, கழிவறைக்கு ஒன்று, கை கழுவ ஒன்று, சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒன்று, நீச்சலுக்கு ஒன்று, வீட்டுக்குப் போக ஒன்று. எல்லாம் அவரே கட்டிய பாட்டு. பாட்டு என்று சொல்லவே என் வாய் கூசும்.

பாட்டை விட அதன் சட்டங்கள் பெரிது. முதலில் பொருளைக் காட்ட வேண்டும். கை கழுவ என்றால் துவாய், வீட்டுக்கு என்றால் அந்தப் பிள்ளையின் சப்பாத்து. பிறகு மூன்று தரம் பாட வேண்டும், நாலாம் தரம் கிடையாது. பாடி முடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பிள்ளையைத் தொடக்கூடாது, வா என்று சொல்லக்கூடாது, முகத்தால் கெஞ்சக்கூடாது. நடக்காத காரியத்துக்கு அந்தப் பாட்டைப் பாடவே கூடாது. ஒரு நாள் தேநீர் அறையில் சும்மா நீச்சல் பாட்டை முணுமுணுத்தேன். மிஸஸ் ஹார்டிங் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்றைக்கு நீச்சல் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் நீ இப்போது ஒரு பொய் சொன்னாய்" என்றார். குரல் உயரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் குரல்தான் எனக்குத் தினசரித் தண்டனை. வீட்டுக்குப் போகும் பாட்டு, "கோட் ஆன், ஷூஸ் ஆன், அவே வி கோ" என்று போகும். அந்தக் கடைசி 'கோ' பஞ்சமத்தில் போய் நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும். மிஸஸ் ஹார்டிங்கின் 'கோ' பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு ராகத்துக்கும் சொந்தமில்லாத இடத்தில் போய் உட்காரும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தரமும், மயிரிழை பிசகாமல் அதே இடம். நான் பக்கத்தில் நின்று சரியான பஞ்சமத்தைக் கொஞ்சம் பலமாகப் பாடிப் பார்த்தேன். திருந்துவார் என்று நினைத்தேன். அவருக்குக் கேட்கவே இல்லை.

ஆரணி எங்கள் வகுப்புக்கு வந்தது எட்டு வயதில். கோலியர்ஸ் வுட்டில் இருந்த தமிழ்க் குடும்பம். தாய் கமலினி, மெலிந்த பெண். தகப்பனுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. ஆரணிக்குப் பேச்சில்லை. நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று நிலத்தில் படுத்துவிடுவாள். தூக்கப் போனால் கடிப்பாள், தன் கையையும் கடிப்பாள். என் இடது மணிக்கட்டில் அவள் பல் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு தவணைக்குள், மூன்று நாலு மாதத்தில், மிஸஸ் ஹார்டிங்கின் பாட்டுக்கு எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். வெளியில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. ஒரு முறை சூப்பர்மார்க்கெட் நடுவில் படுத்தவளை இரண்டு மணித்தியாலம் எழுப்ப முடியாமல், கடைசியில் பொலிஸ் வந்திருக்கிறது.

அவளுக்குப் பத்து வயதானபோது உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் படிவம். வீட்டாரால் பிள்ளையை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று ஒரு கேள்வி. முடியாது என்பதில் அடையாளம் போட்டார். அப்படியென்றால் பிள்ளை தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம்தான் நல்லது என்றார். அது கடற்கரைப் பக்கம், ரயிலில் நாலு மணித்தியாலம், விடுமுறைக்குத்தான் வீடு. மூன்று மாதத்தில் கூட்டம் வைத்து முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டுப் பேனையை மூடினார். அன்று இரண்டு மணித்தியாலம் இருந்ததில் அவர் ஆரணியைப் பார்த்தது கதவுக் கண்ணாடி வழியாக ஒரு நிமிஷம்.

கமலினி வெளியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவ நான் குழைச்சுக் குடுக்காட்டிச் சோறு தின்னமாட்டா. அங்கை ஆர் குழைச்சுக் குடுப்பினம்? வாய் பேசத் தெரியாத பிள்ளை, பசிக்குது எண்டு எப்பிடிச் சொல்லுவா?"

நான் மிஸஸ் ஹார்டிங்கிடம் போய், கூட்டத்துக்கு நல்லதாக ஒரு அறிக்கை எழுதுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் தான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறவர். நேரம் போட்டு, பென்சிலால், இரண்டு வரி. அவ்வளவுதான்.

"பள்ளிக்கூடத்தில் அவள் நடப்பதை எழுதுவேன். வெளியில், என்னுடைய கை படாமல், தாய் பாடி அவள் நடப்பதைக் கண்டால் அதையும் எழுதுவேன். காணாததை எழுதமாட்டேன்."

ஒரு பிள்ளையின் வாழ்க்கை போகிறது, இவருக்கு நேர்மை முக்கியமாய்ப் போய்விட்டது என்று அன்று பஸ்ஸில் வரும்போது முழுக்கப் பொருமினேன்.

கமலினிக்கு அந்த வீட்டுக்குப் போகும் பாட்டைப் பழக்கினால் போதும். அது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். கமலினியோ, தனக்குப் பாட்டே வராது என்று வெட்கப்பட்டாள். ஒரு கசெட்டில் பாடித் தருகிறேன், அதைக் கேட்டுப் பாடு என்றேன். அங்கேதான் பிழை விட்டேன். என்னைப் போல ஒரு சங்கீத டீச்சர் மட்டுமே விடக்கூடிய பிழை அது.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, விளக்கேற்றி, சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "கோட் ஆன், ஷூஸ் ஆன்" என்பதைச் சுத்தமான சுருதியில் பாடினேன். 'கோ' பஞ்சமத்தில் ஊசிபோல நின்றது. வெறும் சுரமாக விட மனம் வரவில்லை, ஒரு சின்ன அசைவும் கொடுத்தேன். கசெட்டைத் திருப்பிக் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. பிள்ளைக்கு இப்போதுதான் உண்மையான பாட்டுக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம். கமலினி கடையில் பாடினாள், பூங்காவில் பாடினாள், வீதியில் வெட்கத்தை விட்டுப் பாடினாள். ஆரணி காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். ஒவ்வொரு வெள்ளியும் கமலினி பள்ளிக்கூட வாசலில் வந்து தலையாட்டுவாள். நான் அவளைத்தான் குறை சொன்னேன்.

"நீர் வடிவாப் பாடேல்லைப் போலை. சுருதியைக் கவனியும்."

"கவனிச்சுத்தானக்கா பாடுறன். கசெட்டோடை சேத்துச் சேத்துத்தான் பாடுறன்."

ஏழாம் கிழமை மிஸஸ் ஹார்டிங் அந்தக் கசெட்டைக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகள் போன பிறகு, வகுப்பில் சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போட்டோம். தலையைக் குனிந்து கடைசி வரை கேட்டார். பிறகு, "மிகவும் அழகாக இருக்கிறது" என்றார். நான் நிமிர்ந்தேன்.

"இது எந்தப் பாட்டு?" என்று கேட்டார்.

கேலி இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. உன்னுடைய பாட்டுத்தானே மனுசி, நீ பாடத் தெரியாமல் பாடுகிறதை நான் திருத்திப் பாடியிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஏனென்றால் அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் ஒரு கூட்டத்துக்குப் போன நாளில் நான் தனியாகப் பாடினேன், ஆரணி அசையவில்லை. அவர்மேல் பிள்ளைக்கு ஒட்டுதல் என்று அதை நான் தள்ளிவிட்டிருந்தேன்.

அடுத்த நாள் வீட்டுக்குப் போகும் நேரம், நான் பாடுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். சப்பாத்தைக் காட்டினேன். அசைவில்லாமல், அழகில்லாமல், 'கோ'வை அந்தச் சனியன் பிடித்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வருடமாகக் காதை அறுத்த இடம், எனக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. இரண்டாம் தரம் முடியுமுன் ஆரணி எழும்பி என் கையிலிருந்த சப்பாத்தை வாங்கிக்கொண்டாள்.

சந்தோஷம் வந்தது என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. பதினைந்து வருடம் படித்த சங்கீதம் ஒரு பிள்ளையை நிலத்திலிருந்து எழுப்பவில்லை, ஒரு பிழையான சுரம் எழுப்புகிறது. அந்தப் பிள்ளைக்கு அது பிழையில்லை, அதுதான் பாட்டு, மற்றதெல்லாம் வேறு பாட்டு என்று விளங்கிய பிறகு கோபம் என்மேல் திரும்பியது. ஆறு கிழமையை என் பெருமை தின்றுவிட்டிருந்தது. கூட்டத்துக்கு இன்னும் நாலு கிழமைதான் இருந்தது.

கமலினி வீட்டுக்குப் போய்க் கசெட்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன்.

"இனி இதைக் கேக்காதையும். நான் பாடுற மாதிரி அப்பிடியே பாடும்."

பாடிக் காட்டினேன். கமலினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. கடைசியிலை கொஞ்சம் விழுகுது போலை."

"விழத்தான் வேணும்."

"அப்ப முந்திச் சொன்னது?"

"அது பிழை."

"அது வடிவா இருந்துதே."

"வடிவு பிழை. இதுதான் சரி. பாடும்."

வீட்டில் நான் அந்தச் சுரத்தைப் பழகுவதைக் கேட்டு என் கணவர், "என்னப்பா, தொண்டை கட்டிப்போச்சோ? கொத்தமல்லி அவிச்சுத் தரட்டோ?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வரப் பார்த்தது.

கமலினிக்குப் பிடிபட்டது. கேட்பதை அப்படியே திருப்பித் தரும் காது அவளுக்கு, அதனால்தான் என் கசெட் அவ்வளவு சேதம் செய்தது. மூன்றாம் கிழமை, ஐந்து தரத்தில் மூன்று தரம் ஆரணி வீதியில் எழும்பி நடந்தாள். மிஸஸ் ஹார்டிங் தான் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கு வசதியான ஒரே நாள் கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை. அன்று எனக்கு மண்டபத்தில் நவராத்திரி வாணி விழா, என் மாணவிகள் பாடும் நாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த விழாவுக்கு நான் கமலினியைக் கூப்பிட்டிருக்கவில்லை. பிள்ளை வந்து குழப்பிவிடும் என்று பயம். சனிக்கிழமை டீச்சரை யாரும் திங்கட்கிழமைக் கோலத்தில் பார்க்கக்கூடாது என்று இன்னொரு பயம். அன்று விழா என்று நான் சொன்னதும் மிஸஸ் ஹார்டிங், "சத்தம், கூட்டம், தெரியாத இடம். நல்லது, அங்கேயே பார்ப்போம்" என்று முடித்துவிட்டார்.

வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் காலுறையோடு உட்கார்ந்தார், கழுத்தில் பென்சில். கமலினி பட்டுச்சேலை உடுத்து, ஒரு பெரிய சட்டி நிறையக் கடலை அவித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கொண்டாட்டத்துக்கு வெளியில் வந்தே மூன்று வருடம் என்றாள். கும்பம், சரஸ்வதி படம், அடுக்கிய புத்தகங்கள். காலையிலிருந்து சுருதிப் பெட்டி நிற்காமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. விழாக்குழுத் தலைவர் ஐந்து நிமிஷம் என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசினார். அது முடிந்து என் மாணவிகள் பதினான்கு பேர் வந்து நின்றதுதான் தாமதம், ஆரணி தாயின் கையை உதறிக்கொண்டு ஓடிவந்து கும்பத்துக்கு முன்னால் குப்புறப் படுத்துவிட்டாள்.

எல்லாப் பக்கத்திலிருந்தும் யோசனை.

"பிள்ளையை ஆராவது தூக்குங்கோவன்!" தலைவர் மைக்கிலேயே சொன்னார்.

"தாய் எங்கை? வளக்கிற வளப்பு."

ஒரு அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தூக்க வந்தார். நான் குறுக்கே நின்றேன். "தொடாதேங்கோ. ஒருத்தரும் தொடாதேங்கோ."

மிஸஸ் ஹார்டிங்கைப் பார்த்தேன். கை இரண்டும் மடியில். அசையவில்லை. நான் பாடினாலும் பிள்ளை எழும்பிவிடும், ஆனால் அது அறிக்கைக்கு உதவாது. தாய்தான் பாடவேண்டும். கமலினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. பையிலிருந்து ஆரணியின் சிவப்புச் சப்பாத்தை எடுத்துக் காட்டிக்கொண்டு பாடினாள்.

சுருதி சுத்தமாக இருந்தது. 'கோ' நேராகப் பஞ்சமத்தில் போய் நின்றது. ஆரணி காதைப் பொத்தினாள்.

இரண்டாம் தரம். மறுபடியும் பஞ்சமம். ஆரணி தன் கையைக் கடிக்கத் தொடங்கினாள். கமலினி என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பக்கத்தில் சுருதிப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அவளுடைய காது பாவம், அதன் பின்னாலேயே போனது. இன்னும் ஒரு தரம்தான் பாக்கி.

மங்களம் பாடும் வரை சுருதியை நிறுத்தக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள், நானும் அந்தப் பதினான்கு பேருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். போய்ப் பெட்டியை நிறுத்தினேன். சரஸ்வதிக்கு முன்னால், என் மாணவிகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க.

"இப்பப் பாடும்" என்றேன்.

கமலினி மூச்செடுத்துக்கொண்டு பாடினாள். கோட் ஆன், ஷூஸ் ஆன். 'கோ' விழுந்தது, விழவேண்டிய இடத்தில், அச்சொட்டாக. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மாணவிகளில்கூட இரண்டு பேர் சிரித்தார்கள், அவர்களுக்குச் சுருதி தெரியும். கமலினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் எண்ணினேன். ஏழாவதில் ஆரணி கையை வாயிலிருந்து எடுத்தாள். எட்டில் எழும்பி உட்கார்ந்தாள். ஒன்பதில் சப்பாத்தை வாங்கி, இடம் வலம் மாற்றிக் காலில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

கமலினி என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, அவவை ஒரு பக்கமா இருத்திப்போட்டு..." என்று தொடங்கியவள் தானே நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் பாட்டைப் பாடியாகிவிட்டது, வீட்டுக்குத்தான் போகவேண்டும். பட்டுச்சேலையோடு, ஒரு வாய் கடலை தின்னாமல், பிள்ளைக்குப் பின்னால் போனாள். சட்டியைத் திங்கட்கிழமை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மிஸஸ் ஹார்டிங் மணிக்கூட்டைப் பார்த்துப் பென்சிலால் இரண்டு வரி எழுதினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அவள் சரியாகப் பாடினாளா? எனக்குக் கேட்டால் தெரியாது. ஏழு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில், நீ வாயை மட்டும் அசை, போதும் என்று சொல்லிவிட்டார்கள்."

அவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பாட வராது என்று தெரிந்துகொண்டே, ஒவ்வொரு நாளும் எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து பாடியிருக்கிறார். நானோ சுருதி தெரிந்தவள் என்று பின்னால் நின்று பல்லைக் கடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சுத்தமாகப் பாடினாள்" என்றேன்.

ஆரணி கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இன்றைக்கும் கோலியர்ஸ் வுட்டில் தாயோடுதான் இருக்கிறாள். கமலினிக்குத் தலை நரைத்துவிட்டது. தடிமன் வந்து குரல் அடைத்தால் எனக்கு ஃபோன் பண்ணுவாள், நான் போய்ப் பாடிவிட்டு வருவேன்.

போன மாதப் பேச்சுக்குப் பிறகு ஒரு இளம் ஆசிரியை பெரிய சந்தோஷத்தோடு ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்தாள். மிஸஸ் ஹார்டிங்கின் ஆறு பாட்டுகளையும் இப்போது அதற்குள் போட்டிருக்கிறார்களாம், ஒரு தேர்ந்த பாடகியைக் கொண்டு, பின்னணி வாத்தியத்தோடு. முந்தி உதவியாளர்கள் வாயால் பாடியபோது எழும்பி நடந்த ஒரு பையன் மட்டும் இப்போது எதற்கும் எழும்புகிறானில்லை, காதைப் பொத்துகிறான், ஏனென்று தெரியவில்லை என்றாள். பொத்தானை அழுத்தினாள். தலையைக் குனிந்து கடைசி வரை கேட்டேன்.

"மிகவும் அழகாக இருக்கிறது. இது எந்தப் பாட்டு?" என்றேன்.

அவள் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். நான் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பையனின் சப்பாத்து எங்கே என்று கேட்டேன்.